நாற்பது விநாடி

2025 ஏப்ரல் 23, புதன்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் காபி. ரெட்டியார்பாளையத்து வீட்டில் நான் ஒருத்திதான் என்பதால் சமையல் அரை மணிக்குள் முடிந்துவிடும். அன்று எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மொட்டை மாடியில் துணி உலர்த்தினேன். எட்டு ஐந்துக்கு ஸ்கூட்டரை எடுத்து, எட்டு நாற்பதுக்குக் கல்லூரியில் எங்கள் துறையின் கதவைத் திறந்தேன்.

இவையெல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கின்றன. மாலை நாலு மணிக்கு மேல் நடந்ததற்கு மட்டும் அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான்: ‘அம்மா வந்தார். முழுதாகக் கேட்கவில்லை.’ அந்த வரியில் எதை விட்டேன் என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

நான் ஆசிரியை இல்லை. ஒரு கல்லூரியில் தொழில்நுட்ப உதவியாளர். முதல் பன்னிரண்டு வருடம் இயற்பியல் ஆய்வகத்தில் லென்ஸும் தராசும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஊடகத் தொழில்நுட்பத்தில் முதுநிலைப் படிப்பு ஒன்றைத் தொடங்கி, என்னை அங்கே மாற்றினார்கள். கேமராக்கள், ப்ரொஜெக்டர்கள், ஒலிபெருக்கிகள், சென்சார்கள் எல்லாம் என் பொறுப்பு. எது வெளியே போனது, எந்த நிலையில் திரும்பி வந்தது என்று பதிவேட்டில் எழுதுவேன். மாணவர்கள் செய்யும் ப்ராஜெக்டுகளைக் கண்காட்சிக்கு முன் சோதித்துப் பார்ப்பதும் என் வேலை. சோதனைக்கு நானே ஒரு பட்டியல் வைத்திருந்தேன். பதினான்கு வரிகள்.

அந்த வருடம் ஆறு ப்ராஜெக்டுகள். ஒருவன் பழைய சைக்கிள் ஒன்றை நிறுத்தியிருந்தான்; மிதித்தால் எதிர்ச்சுவரில் பெரிய வாய்க்கால் ஓரத்துச் சாலை ஓடும். ஒருத்தி விளக்குகள் தொங்கவிட்டிருந்தாள். கீழே நின்று மூச்சு விட்டால் வெளிச்சம் கூடும், குறையும். நான் எழுதப்போவது மூன்றாம் எண் அறையைப் பற்றி.

அதைச் செய்த பெண் வைத்திக்குப்பத்துக்காரி. அவளுடைய அப்பா குப்பத்தின் மைக் அறையில் அறிவிப்புச் சொல்லிவந்தவர். கடலுக்குப் போகலாமா வேண்டாமா, பஞ்சாயத்துக் கூட்டம் எத்தனை மணிக்கு, யாருடைய சாவிக்கொத்து எங்கே கிடைத்தது என்று எதுவானாலும் அவர் குரலில்தான் ஊருக்குப் போகும். சம்பளம் கிடையாது. பகலில் வலை வேலைக்குப் போவார். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. அவருடைய அறிவிப்புகள் ஐந்து அவள் போனில் இருந்தன. கல்லூரியில் சேருவதற்கு முன்னால், சும்மா பழகிப் பார்க்கலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தவை.

அறையை இருட்டாக்கி, தரையில் ஐந்து இடங்களில், குப்பத்தில் ஒலிபெருக்கி கட்டிய கம்பங்கள் மாதிரி, ஐந்து வெளிச்ச வட்டங்கள் விழச் செய்திருந்தாள். ஒரு வட்டத்துக்குள் ஆள் வந்தால், மேலே இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து ஓர் அறிவிப்பு, மைக்கை விரலால் தட்டும் ஓசையிலிருந்து தொடங்கும். வட்டத்தை விட்டு நகர்ந்தால் குரல் அடங்கிக் கடலிரைச்சல் மட்டும் கேட்கும். மறுபடி வந்தால் முதலிலிருந்து தொடங்கும். கூரையில் பொருத்திய கேமராதான் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும். காலி அறை எப்படி இருக்கும் என்று அது முதலில் கற்றுக்கொள்ளும். அதிலிருந்து எது வேறுபடுகிறதோ அதை ஆள் என்று எடுத்துக்கொள்ளும்.

மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் அந்தப் பெண் என் மேசைக்கு வந்து நின்றாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். எங்கப்பா நாற்காலிக்கு அறிவிப்பு சொல்லிக்கிட்டிருக்காரு.”

போய்ப் பார்த்தேன். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இரண்டாவது வட்டத்துக்குள் விட்டுப் போயிருந்தார்கள். அதற்கு மேல் ஒலிபெருக்கி, தெற்குக் காற்று பலமாக இருக்கிறது, சின்ன போட்டுக்காரர்கள் கவனமாக இருக்கவும் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

“நாற்காலிகிட்ட சின்ன போட்டு ஒண்ணு இருக்குதோ என்னமோ” என்றேன்.

“கிண்டல் பண்ணாதீங்கக்கா. நேத்து ஒருத்தன் பைய வெச்சிட்டு டீ குடிக்க போயிட்டான். அரை மணி நேரம் பையிகிட்ட பேசியிருக்காரு மனுஷன்.”

இருவரும் சிரித்தோம். பிறகு சரி செய்தேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பொருள் குறிப்பிட்ட நேரம் அசையாமல் இருந்தால் அதையும் அறையின் பகுதியாக எடுத்துக்கொள் என்று நிரலில் சொல்லிவிடலாம். எத்தனை விநாடி என்பதுதான் கேள்வி. இருபது வைத்துப் பார்த்தேன், குறைவாகப் பட்டது. அறுபது வைத்தேன், நாற்காலிக்கு ஒரு நிமிடம் அறிவிப்பு போவது அபத்தமாக இருந்தது. நாற்பது என்று முடிவு செய்தேன். பதிவேட்டில் எழுதினேன்: ‘நாற்காலிப் பிரச்சினை தீர்ந்தது. நாற்பது விநாடி.’

பிறகு பட்டியலின்படி சோதித்தேன். ஒருவர் நடந்து, ஒருவர் நின்று, இருவர் ஒரே வட்டத்தில், கறுப்பு உடையில், வெள்ளை உடையில், குடை பிடித்து. பதினான்கும் தேறின. நிற்கிறவர்கள் நாற்பது விநாடி அசையாமல் நிற்பதில்லை. கால் மாற்றுவார்கள், போனை எடுப்பார்கள், மேலே பார்ப்பார்கள். உட்காருவது என்பது என் பட்டியலில் இல்லை.

ஐந்தாவது வட்டத்து ஒலிப்பதிவைச் சுத்தம் செய்ய நானும் அந்தப் பெண்ணும் மூன்று பிற்பகல்கள் உட்கார்ந்தோம். அது அவர் கடைசியாகச் செய்த அறிவிப்பு. இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் மார்பு வலி என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த நேரம் அவளுடைய அம்மா ஊரில் இல்லை. கடலூரில் தன் தங்கை வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போயிருந்தார்.

என்ன கோபம் என்று நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

“எனக்கு இங்க சீட்டு கெடைச்சுதில்லக்கா, அதாலதான். எங்கப்பா அந்த கடுதாசிய பாத்ததும் நேரா மைக் ரூமுக்கு போயிட்டாரு. ‘நம்ம ஊருக்கு ஒரு சந்தோஷ சேதி, என் பொண்ணுக்கு மேல்படிப்புக்கு எடம் கெடைச்சிருக்கு’ன்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. எங்கம்மா மீன் வித்துட்டு அப்பதான் பஸ்ஸ விட்டு எறங்கி வருது. பக்கத்து வீட்டு அத்தை, ‘இன்னாடி, ஸ்வீட்டு எங்க?’ன்னு கேக்குது. எதுக்கு ஸ்வீட்டுன்னு இதுக்குத் தெரியல.”

“அதுக்கா கோபம்?”

“ஊரே கேட்டப்புறந்தான் பெத்தவளுக்கு தெரியணுமான்னு கேட்டுச்சு. அப்பா ஒண்ணும் பேசல. அவரு வீட்டுல பேச மாட்டாருக்கா. மைக்க புடிச்சாதான். அஞ்சு நாளு கடலூர்ல இருந்துச்சு. அஞ்சாவது நாளு நாங்கதான் போன் பண்ணோம்.”

கடைசி அறிவிப்பில் விசேஷமாக ஒன்றும் இல்லை. காற்றைப் பற்றி, மாலை ஆறு மணிக்குக் கோயில் கூட்டம் பற்றி, கிடைத்த ஒரு சாவிக்கொத்து பற்றி. பிறகு மைக்கை அணைக்கும் கிளிக் சத்தம். ஊர் கேட்டது அதுவரைக்கும்தான். மகளின் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அவர் இருமுகிறார். நாற்காலியை இழுக்கிறார். பிறகு, மைக்கில் பேசிய குரலே இல்லை, சின்னக் குரலில்:

“உங்கம்மா கடலூர் பஸ்ஸு நாலு மணிக்குத்தான? ஸ்டாண்டுக்கு போயி நின்னு பாக்கறேன். வந்தா வருவா.”

அதோடு முடிகிறது. அந்தப் பத்து விநாடியில் விசிறியின் இரைச்சல் இருந்தது. எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அவர் இப்படிச் சொன்னார் என்று அவள் அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்கிறாள். அம்மா நம்பவில்லை. ‘நீ அவரு பொண்ணு, நீ அப்படித்தான் சொல்லுவ’ என்றாராம். போனில் போட்டுக் காட்டப் போனால் எழுந்து போய்விடுவாராம். கண்காட்சி முடிவானதும் மறுபடி கேட்டுப் பார்த்திருக்கிறாள். இந்த முறை அம்மா சொன்ன பதிலை என்னிடம் அப்படியே சொன்னாள்:

“இத்தினியூண்டு போன்ல நான் கேக்க மாட்டேன். ஊருக்கு எப்படி சொன்னாரோ அப்படி பெருசா சொல்லட்டும். வந்து கேக்கறேன்.”

ஆகவே அந்தப் பெண்ணுக்கு ஏப்ரல் 23 அன்று இரண்டு தேர்வுகள். காலையில் தேர்வாளர்கள் முன்னால், மாலையில் அம்மா முன்னால். முதலாவதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. பதினொன்றே காலுக்கு வெளியூரிலிருந்து வந்த இரண்டு தேர்வாளர்களும் ஐந்து வட்டங்களிலும் நின்று கேட்டார்கள். ஒருவர் ஐந்தாவதைக் கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது, “சாயங்காலம் ஏசி போடுவீங்களாக்கா? எங்கம்மாவுக்கு வேர்த்தா உக்கார மாட்டாங்க.” ‘உக்கார’ என்று அவள் சொன்ன அந்தச் சொல் அப்போதே என் காதில் விழுந்திருக்க வேண்டும். நான் ஏசியை இருபத்து நான்கில் வைக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அறைகளை வேறு துறையின் தேர்வுக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். ஆகவே வேறு நாள் கிடையாது.

நாலு பத்துக்கு அம்மா வந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். மாம்பழ நிறப் பட்டு கட்டி, தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்திருந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று சொன்னேன்.

“இருக்கட்டும் டீச்சரம்மா.”

“நான் டீச்சர் இல்லம்மா. இங்க சாமானெல்லாம் பாத்துக்கறவ.”

“அப்ப நீங்கதான் பெரிய ஆளு” என்றார். மகளைப் பார்த்து, “இந்த இருட்டுக்கா ரெண்டு வருஷம் படிச்ச?” என்றார்.

“உள்ள போம்மா. அந்தக் கோடி வட்டத்துல நில்லு, போதும்.”

“நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க. நான் மட்டும் கேக்கறேன்.”

கறுப்புத் துணிக்கு வெளியே நாங்கள் நின்றோம். மைக்கைத் தட்டும் ஓசை கேட்டது. அலோ, அலோ. அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரல் காற்றைப் பற்றிச் சொல்லி முடித்தது. கோயில் கூட்டத்துக்கு வந்தது. வாக்கியத்தின் நடுவில் அடங்கியது. கடலிரைச்சல்.

“வட்டத்த விட்டு நகந்துடுச்சு போல” என்றாள் அவள், தாழ்ந்த குரலில். “வந்துரும்.”

காத்திருந்தோம். நான் பார்க்கவில்லை, பிறகு அவர் மகளிடம் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவர் நகரவில்லை. நிற்காமல், வட்டத்தின் நடுவில் சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்து, மேலே பார்க்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் மீன் சுத்தம் செய்யும்போது அறிவிப்பு வந்தால் கையை நிறுத்திவிட்டு அப்படித்தான் கேட்பாராம். அசைந்தால் ஒரு சொல் போய்விடுமோ என்று அசையவில்லை. நாற்பதாவது விநாடியில் கேமரா அவரைத் தரையோடு சேர்த்துக்கொண்டது.

குரல் நின்றதும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். பிறகு எழுந்து வாசலை நோக்கி வந்திருக்கிறார். முதுகுக்குப் பின்னால் மறுபடி அலோ, அலோ. ஏனென்றால் அவர் உட்கார்ந்திருந்த தரையைத்தான் காலி அறை என்று கேமரா இப்போது கற்றிருந்தது. அவர் இல்லாத இடம் அதற்கு ஆளாகத் தெரிந்தது. அவர் திரும்பிப் போய் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்தார். குரல் உடனே நின்றது.

வெளியே எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணியை விலக்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் அவர் எழுந்து எதிரே வந்துவிட்டார். பின்னால் காலியான வட்டத்தில் அவர் கணவர் பேசிக்கொண்டிருந்தார்.

மகள், “என்னம்மா?” என்றாள்.

“நான் உக்காந்தா நிறுத்திடறாரு. எழுந்தா பேசறாரு.” அழவில்லை. லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். “வீட்டுலயும் அப்படித்தான. நான் பைய தூக்கிட்டு கெளம்பினாதான் வாய தொறப்பாரு.”

“அம்மா, அது கேமராம்மா, கேமரா வந்து...”

“ரெண்டு வாட்டி உக்காந்து பாத்துட்டேன்டி.”

நான் குறுக்கே பேசினேன். எனக்குத் தெரிந்தது சரியாகச் சொல்வது மட்டும்தான், அதைச் செய்தேன். “தப்பு என்னுதும்மா. அசையாம இருந்தா நாற்காலின்னு நெனைச்சுக்கற மாதிரி நான்தான் அதுல ஒரு எண்ண வெச்சேன். நாப்பது விநாடி. நீங்க அசையாம இருந்தீங்க, அதனால அங்க ஆளே இல்லன்னு எடுத்துக்கிச்சு. அஞ்சு நிமிஷம் குடுங்க, மாத்திடறேன்.”

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “ஆளே இல்லன்னா?”

“ஆமாம்மா.”

“சரி” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்ன சொல்லியும் பயனில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். “கடைசில உன்னத்தாம்மா கேக்கறாரு. பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேங்கறாரு. இந்தா, அக்காகூட கேட்டிருக்காங்க, கேளு.”

“கேட்டிருக்கேம்மா” என்றேன். “நாலு மணி பஸ்ஸுக்குப் போயி நிக்கறேன்னு சொல்றாரு.”

“நீங்க கேட்டிருக்கீங்க. ஊரு கேட்டிருக்கு.” செருப்பை மாட்டிக்கொண்டார். “எனக்கு சொல்லணும்னா அன்னிக்கே போன்ல சொல்லியிருப்பாரு. அஞ்சு நாளு போன் என் மடியிலதான் கெடந்துச்சு. விடு. நல்லாத்தான் பண்ணியிருக்க. ரூமு நல்லா சில்லுனு இருக்கு.” மகளின் கன்னத்தைத் தடவினார். “இப்ப கடலுக்கு போக தடைக்காலம். வெளியூரு லாரி மீனு விடியக் காலம் வந்துரும். நான் படுக்கணும்.”

படிகளில் இறங்கிப் போனார். மல்லிகை வாசனை நடையில் கொஞ்ச நேரம் இருந்தது. உள்ளே காலியான வட்டத்துக்குக் காற்றைப் பற்றிச் சொல்லி, கோயில் கூட்டத்தின் நடுவில் குரல் அடங்கியது. நாற்பது விநாடி ஆகியிருந்தது.

அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் கணினியின் முன்னால் உட்கார்ந்து எண்ணை மாற்றினேன். நாற்பதை அறுநூறு ஆக்கினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நிமிடம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

“அக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க” என்றாள் பின்னாலிருந்து. “நான்தான சோதிச்சிருக்கணும். எங்கம்மா எப்படி உக்காரும்னு எனக்குத்தான தெரியும்.”

அவள் சொன்னதிலும் உண்மை இருந்தது, அது எனக்கு ஆறுதலாக இல்லை.

“காலைல அம்மாவக் கூட்டிக்கிட்டு வர முடியுமான்னு பாரு” என்றேன். “ஒன்பது மணி வரைக்கும் எதையும் கழட்ட மாட்டேன். நான் ஏழரைக்கே வந்துடறேன்.”

அவள் தலையாட்டினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஸ்வீட்டு வாங்கி வெச்சிருந்தேன்க்கா, அம்மா கேட்டு முடிச்சதும் குடுக்கலாம்னு” என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். அதை இருவரும் பிரிக்கவில்லை. என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஆறு இருபதுக்கு விளக்குகளை அணைத்து வீட்டுக்குப் போனேன். சாதம் வடித்து, காலை வறுவலில் மீதி இருந்ததைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நாட்குறிப்பில் முன்னால் சொன்ன அந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்குச் செய்தி வந்திருந்தது. ‘அம்மா மூணு மணிக்கே மீன் எடுக்க தேங்காய்த்திட்டு ஹார்பருக்கு போயிட்டாங்கக்கா. போன் எடுக்கல. நீங்க கழட்டிடுங்க.’

ஏழு இருபத்தைந்துக்குத் துறையைத் திறந்தேன். ஜன்னலைத் திறக்கவில்லை, பதிவேட்டில் தேதி போடவில்லை, தினமும் முதலில் செய்யும் இரண்டும் அவைதான். மூன்றாம் எண் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஓடவிட்டேன். செருப்பை வாசலில் விட்டேன். ஐந்தாவது வட்டத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மைக்கைத் தட்டும் ஓசை. நான் அசையவில்லை. காற்று, கோயில் கூட்டம், சாவிக்கொத்து, கிளிக். இருமல். நாற்காலி இழுபடும் சத்தம். நாலு மணி பஸ்ஸைப் பற்றிக் கேட்டுவிட்டு அவர் முடிக்கும்வரை குரல் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. பிறகு எழுந்து போய், பட்டியலில் பதினான்காம் வரிக்குக் கீழே எழுதினேன்: ‘15. ஒருவர், தரையில் உட்கார்ந்து, அசையாமல். முடிவு வரை கேட்டது.’